பள்ளியில் கிளவுட்: ஒரு வகுப்பில் தொடங்கி முழுப் பள்ளிக்கும் கொண்டுபோக ஒரு முழுமையான வழிகாட்டி

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கட்டுரை. தலைப்பு, நீர் மாசு. என் பார்வைக்கு வந்தபோது நாலு பத்தி இருந்தது. பிழை இல்லை, உயிரும் இல்லை. பத்துக்கு ஆறு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன். கூகுள் டாக்ஸில் எழுதியது என்பதால் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் பதிப்பு வரலாற்றைத் திறந்து பார்த்தேன். ஞாயிறு இரவு 9.40க்கு ஒரு முழுப் பத்தியை அழித்திருக்கிறாள். தாத்தாவோடு ஆற்றங்கரைக்குப் போனபோது மீன்கள் செத்து ஒதுங்கிக் கிடந்ததைப் பார்த்த கதை அது. கட்டுரையிலேயே அவள் சொந்தமாகப் பார்த்து எழுதியது அந்த ஒரு பத்திதான். ஏன் எடுத்தாய் என்று கேட்டதற்கு, "கட்டுரையில கதையெல்லாம் எழுதக் கூடாதுன்னு நெனச்சேன் சார்" என்றாள்.

காகிதத்தில் எழுதியிருந்தால் அந்தப் பத்தி குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். கிளவுட் கல்விக்கு என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் சேமிப்பிடம், சிக்கனம் என்றெல்லாம் நான் தொடங்குவதில்லை. இந்தப் பத்தியைத்தான் சொல்வேன். மாணவர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதை ஆசிரியர் பார்க்க முடிகிறது, நடுவிலேயே கைகொடுக்க முடிகிறது. கீழே வரும் அடிகள் எல்லாம் அதற்கான ஏற்பாடுகள்தான். ஆசிரியர், தலைமையாசிரியர், பள்ளிக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில், கிளவுட் என்பது என்ன?

உங்கள் கோப்பும் மென்பொருளும் வேறொருவரின் கணினி மையத்தில் இருக்கும். இணையம் வழியாக, தேவைப்படும்போது, தேவைப்படும் அளவுக்கு எடுத்துப் பயன்படுத்துவீர்கள். அவ்வளவுதான். அமேசான் 2006இல் சேமிப்பிடத்தையும் கணினித் திறனையும் இப்படி வாடகைக்கு விடத் தொடங்கிய பிறகுதான் இந்த வணிகம் சூடுபிடித்தது. மூன்று அடுக்குகளாகப் பிரிப்பார்கள்: பிரவுசரில் திறந்தவுடன் பயன்படுத்தும் மென்பொருள், மென்பொருள் எழுதுபவர்களுக்கான தளம், வெறும் சர்வர். பள்ளிக்குப் பெரும்பாலும் முதல் அடுக்கே போதும்.

இதை வாடகை வீடு என்று நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் பொறுப்பு. கதவைப் பூட்டாமல் வெளியே போனால் நம் பொறுப்பு. சர்வர் பழுதானால் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். ஆசிரியர் பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கணினித் திரையில் ஒட்டிவைத்தால் அதற்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது.

அடி 1: கருவியை மறந்துவிட்டு, ஒரு தொல்லையைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலான பள்ளிகள் சறுக்குவது இங்கேதான். "நாமும் கிளவுடுக்கு மாறுகிறோம்" என்று அறிவித்து, எல்லா வகுப்புக்கும் ஒரே நாளில் கணக்குத் திறந்து, மூன்றாம் மாதம் பழைய வாட்ஸ்அப் குழுவுக்கே திரும்பிவிடுகிறார்கள். யாருக்கு எந்த வலி தீர வேண்டும் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆசிரியர்களை உட்காரவைத்து, வாரத்தில் அதிகமாக எரிச்சலூட்டும் வேலை எது என்று கேளுங்கள். வழக்கமாக வரும் பதில்கள் இவை: நோட்டுகளைத் திருத்தித் திருப்பித் தருவதற்குள் மாணவர்கள் அந்தப் பாடத்தையே மறந்துவிடுகிறார்கள், வராத பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, வினாத்தாள் யாருடைய பெண்டிரைவில் இருக்கிறது என்று தெரியவில்லை, கணினி ஆய்வகத்தில் பாதி இயந்திரங்களில் மென்பொருள் திறப்பதில்லை.

இவற்றில் ஒன்றே ஒன்றை எடுங்கள். ஒரு பாடம், ஒரு வகுப்பு, ஒரு பருவம். என் கருத்தில், திருத்தித் தருவதில் உள்ள தாமதத்தைத் தொட்டால் பலன் சீக்கிரம் தெரியும். மாணவர் எழுதி முடித்துப் பத்து நாள் கழித்து வரும் சிவப்பு மைக்கு மதிப்பெண்ணைத் தவிர வேறு பயன் இல்லை.

அடி 2: இணைய இணைப்பை வாய்ப்பாடு போட்டுப் பாருங்கள்

இணைய நிறுவனம் "20" என்று சொல்வது நொடிக்கு 20 மெகாபிட். நாம் கோப்பை அளப்பது மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே 20 மெகாபிட் இணைப்பு, நொடிக்கு 2.5 மெகாபைட்தான் தரும், அதுவும் எல்லாம் சரியாக ஓடினால்.

இப்போது ஒரு வகுப்பில் 40 பேர். ஆசிரியர் 50 எம்பி வீடியோ ஒன்றைப் போட்டு "எல்லோரும் திறங்கள்" என்கிறார். 40 பெருக்கல் 50, மொத்தம் 2,000 எம்பி. 2.5ஆல் வகுத்தால் 800 நொடி, அதாவது 13 நிமிடத்துக்கு மேல். பாட வேளையில் மூன்றில் ஒரு பங்கு சுற்றும் வட்டத்தைப் பார்ப்பதிலேயே கரையும். அதே வீடியோவைப் புரொஜெக்டரில் ஒரு முறை ஓட்டினால் 20 நொடியில் இறங்கிவிடும். மாணவர் கையில் எழுத்து ஆவணம் மட்டும் இருந்தால் அதே இணைப்பே தாராளம்; தட்டச்சு செய்வதற்கு மிகக் குறைவான தரவுதான் தேவை.

சேமிப்பிடத்தையும் இப்படியே கணக்கிடலாம். 500 மாணவர், வாரம் 5 பாடத்துக்கு ஆளுக்கொரு ஒப்படைப்பு, ஒவ்வொன்றும் 2 எம்பி, 40 வாரம் என்று வைத்தால் ஆண்டுக்கு 200 ஜிபி. பயப்படும் அளவு இல்லை. ஆனால் நோட்டுப் பக்கத்தைக் கேமராவில் அப்படியே படம் எடுத்து அனுப்பினால் ஒரு பக்கமே சில எம்பி ஆகிவிடும். ஸ்கேன் செயலி வழியாகப் பிடிஎஃப் ஆக்கினால் அதில் ஒரு பகுதிதான். இதை முதல் வாரமே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

சாதனங்களைப் பொறுத்தவரை, பழைய கணினிகளைத் தூக்கிப் போட அவசரப்படாதீர்கள். வேலையெல்லாம் பிரவுசரில் நடப்பதால், புதிய பிரவுசர் ஓடும் எந்த இயந்திரமும் போதும்.

அடி 3: உள்ளே போகும் முன் வெளியே வரும் வழியைப் பாருங்கள்

நடைமுறையில் மூன்று வழிகள். கூகுளின் கல்விப் பதிப்பு, மைக்ரோசாப்ட் 365இன் கல்விப் பதிப்பு, அல்லது மூடில். முதல் இரண்டிலும் தகுதியுள்ள பள்ளிகளுக்குக் கட்டணமில்லா அடிப்படைத் திட்டம் உண்டு. வகுப்புகளை நடத்த கூகுளில் 2014இல் வந்த கிளாஸ்ரூம், மைக்ரோசாப்டில் டீம்ஸ். மூடில் என்பது ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி 2002இல் முதல் பதிப்பை வெளியிட்ட, வகுப்புகளை இணையத்தில் நடத்த உதவும் கட்டற்ற மென்பொருள். யாரும் எடுத்துத் தம் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம்.

எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா?" என்பதுதான். இருந்தால் மூடில். தரவு உங்கள் கையில் இருக்கும். வினா வங்கி, தேர்வு அமைப்பு எல்லாம் வலுவானவை. இல்லையென்றால் மற்ற இரண்டில், ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே கைப்பழக்கம் உள்ளது எதுவோ அது. வசதிப் பட்டியலை ஒப்பிட்டு மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பள்ளிக்குத் தேவையான நான்கைந்து வேலைகளை இரண்டுமே செய்யும்.

இலவசம் என்பதை மட்டும் சாசுவதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கூகுள் கல்விப் பதிப்பில் ஒரு காலத்தில் வரம்பில்லாச் சேமிப்பிடம் இருந்தது. 2021இல் அறிவித்து, 2022 முதல் ஒரு பள்ளி அல்லது பல்கலைக்கழகம் முழுவதற்கும் சேர்த்து 100 டிபி (ஒரு லட்சம் ஜிபி) என்று வரம்பு கட்டினார்கள். சிறு பள்ளிக்கு அதுவே கடல். ஆண்டுக்கணக்கில் ஆய்வுத் தரவையும் வீடியோவையும் கொட்டிவைத்திருந்த பல்கலைக்கழகங்கள்தான் ஓடி ஓடி ஒதுக்க வேண்டியிருந்தது. எனவே ஒப்புக்கொள்ளும் முன்பே, நம் கோப்புகளையும் மதிப்பெண்களையும் மொத்தமாக எந்த வடிவத்தில் வெளியே எடுக்க முடியும் என்று ஒரு சோதனைக் கணக்கில் செய்து பாருங்கள். விற்பனைப் பிரதிநிதியின் வாய்மொழி போதாது.

அடி 4: கணக்குகளும் பாதுகாப்பும்

பிள்ளைகளின் சொந்த மின்னஞ்சலையோ பெற்றோரின் எண்ணையோ வைத்து ஒப்பேற்ற வேண்டாம். பள்ளியின் பெயரில் ஒரு இணைய முகவரி, அதன் கீழ் ஒவ்வொருவருக்கும் கணக்கு. பயனர் பெயரில் வகுப்பையும் பிரிவையும் சேர்க்காதீர்கள். "8ஆ" என்று வைத்தால் அடுத்த ஆண்டு எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். சேர்க்கை எண் மாறாது, அதை வையுங்கள்.

நிர்வாகிக் கணக்கு இரண்டு பேரிடமாவது இருக்க வேண்டும். ஒரே ஒருவரிடம் இருந்து, அவர் வேலையை விட்டுப் போய், பள்ளி தன் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் மூன்று வாரம் தவித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆசிரியர், நிர்வாகி எல்லோருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு ஃபோனுக்கு வரும் குறியீடு போன்ற இன்னொரு சான்றும் கேட்பது) கட்டாயம். சின்னப் பிள்ளைகளுக்கு அது சரிப்படாது; அவர்கள் கணக்கிலிருந்து வெளியே மின்னஞ்சல் போகாதபடியும் வெளியிலிருந்து வராதபடியும் அடைத்துவிட்டால் போதும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். குழந்தைகளின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் எந்த வயதுவரை தேவை என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்கச் சட்டம் 13 வயதுக்குட்பட்டோரைக் காக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 16 என்று வைத்து, உறுப்பு நாடுகள் 13 வரை குறைத்துக்கொள்ளலாம் என்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் 18 என்கிறது. உங்கள் நாட்டு விதி எதுவானாலும், பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள்: எந்தத் தரவு எங்கே போகிறது, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம். பதில் சொல்லத் தெரியாத கேள்வி வந்தால், அந்தத் தரவைச் சேகரிக்காமல் விடுவதே உத்தமம். அடையாள எண்களும் மருத்துவக் குறிப்புகளும் வகுப்பறைக் கருவிக்குள் வரவே கூடாது.

அடி 5: கோப்புகளை ஏற்றும் முன் எழுத்துருவைக் கவனியுங்கள்

தமிழில் பாடம் நடத்தும் பள்ளிகளுக்கு இது தனித் தலைவலி. பல ஆண்டுகளாகச் சேர்த்த வினாத்தாள்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கந்தர்கோளம்தான் தெரியும். காரணம், அவற்றில் உண்மையில் சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகள். அவற்றின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் சொந்த எண்கள் இருப்பதால் எங்கே திறந்தாலும் தமிழ் தமிழாகவே இருக்கும். தேடலாம், பார்வையற்றோருக்கான திரை வாசிப்பான் படித்துக் காட்டும்.

எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒரு முறை வாசித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும், எண்களும் கணிதக் குறிகளும் எழுத்தாகியிருக்கும். தட்டச்சுப் படியே இல்லாத பழைய தாள்களை ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் போட்டு டாக்ஸாகத் திறந்தால் அச்செழுத்தைத் தமிழில் பெரும்பாலும் சரியாகவே எடுத்துத் தருகிறது. கையெழுத்தில் நம்பாதீர்கள்.

அடுத்தது, கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்பது. ஆசிரியர் தன் சொந்த டிரைவில் உருவாக்கிய கோப்புக்கு அவரே உரிமையாளர். அவர் போனபின் கணக்கை அழித்தால் கோப்பும் போய்விடும். துறைவாரியாகப் பொது டிரைவ் ஒன்று வைத்து, வினாத்தாளும் பாடக் குறிப்பும் அங்கேயே பிறக்க வேண்டும் என்று விதி வையுங்கள். "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்ற தெரிவை நிர்வாகி மட்டத்திலேயே அடைத்துவிடுங்கள். தேர்வுக்கு முந்தைய இரவு வினாத்தாள் லிங்க் பரவுவதற்கு ஹேக்கர் யாரும் வர வேண்டியதில்லை.

அடி 6: ஒரு பாடத்தை மாற்றிச் செய்து பாருங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் பந்தல் போடும் வேலை. வகுப்பறையில் எதுவும் மாறவில்லையென்றால், பழைய நோட்டைத் திரைக்கு மாற்றியதாகத்தான் அர்த்தம்.

கட்டுரைப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். திங்களன்று தலைப்பும் இரண்டு வழிகாட்டிக் கேள்விகளும் உள்ள ஆவணத்தை, மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நகல் போகும்படி கிளாஸ்ரூமில் போடுகிறேன். வெள்ளிக்கிழமை முடிக்க வேண்டும். ஆனால் என் வேலை புதன்கிழமையே. அன்று மாலை ஒவ்வொரு ஆவணத்தையும் திறந்து, ஒரே ஒரு குறிப்பு மட்டும் விடுகிறேன். "இந்த வரியை நம்புவதற்கு எனக்கு ஒரு உதாரணம் வேண்டும்" என்பது மாதிரி. எழுத்துப் பிழையைத் தொடுவதில்லை. ஆளுக்கு இரண்டு நிமிடம், 40 பேருக்கு 80 நிமிடம். வெள்ளிக்கிழமை வருகிற கட்டுரை புதன்கிழமைக் கட்டுரையாக இருக்காது, இறுதித் திருத்தமும் பாதி நேரத்தில் முடியும். ஆசிரியரின் மொத்த நேரம் குறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது மாணவருக்குப் பயன்படும் நாளுக்கு நகர்கிறது.

பதிப்பு வரலாற்றைப் பார்ப்பேன் என்று முதல் நாளே மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் பார்த்தால் அதன் பெயர் வேவு. குழு வேலையில் இது இன்னொரு சச்சரவையும் தீர்க்கும்: நாலு பேர் சேர்ந்து செய்ததில் ஒருத்தியே முழுக்க எழுதினாளா என்பதற்குச் சாட்சி அங்கேயே இருக்கும். ஆனாலும் அதை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். கையில் எழுதிப் பார்த்துவிட்டுக் கடைசியில் தட்டச்சு செய்யும் பிள்ளைகளும் உண்டு.

கணக்குப் பாடத்தில் வேறு மாதிரி. வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கேள்விப் படிவம்: "0.4, 0.35, எது பெரியது? ஏன்?" பதில்கள் அந்தக் கணமே அட்டவணையில் விழும். 0.35 என்று சொன்னவர்களின் "ஏன்" பகுதியைப் படித்தால் பெரும்பாலும் ஒரே காரணம்: 35 என்பது 4ஐ விடப் பெரியதாயிற்றே! தசமப் புள்ளிக்குப் பின் வருவதை முழு எண்ணாகவே வாசிக்கிறார்கள். மறுநாள் எங்கிருந்து தொடங்குவது என்று இப்போது தெரிந்துவிட்டது. கை தூக்கச் சொல்லியிருந்தால் முன்வரிசை ஐந்து பேர் சரியாகச் சொல்லியிருப்பார்கள், நானும் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன்.

அறிவியலுக்கு, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் உருவகப் பயிற்சிகள் பிரவுசரிலேயே ஓடும். மின்தடையைக் கூட்டிக் குறைத்து மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்று, எதுவும் எரிந்துபோகும் பயமில்லாமல் பார்க்கலாம். நிரலாக்கத்துக்குச் சின்ன வகுப்புகளில், கட்டங்களை இழுத்துப் பொருத்தி நிரல் எழுதும் ஸ்கிராட்ச், பெரிய வகுப்புகளில் கூகுள் கோலாப். கோலாபில் பைத்தான் நிரல் கூகுளின் கணினியில் ஓடுவதால் ஆய்வகக் கணினி கிழடாக இருந்தாலும் கவலையில்லை.

அடி 7: இணைப்பு இல்லாத பிள்ளையை முதலில் நினையுங்கள்

2020 ஏப்ரலில் பள்ளிகள் மூடப்பட்டபோது பாதிக்கப்பட்ட மாணவர்கள் சுமார் 160 கோடி என்று யுனெஸ்கோ கணக்கிட்டது. வீட்டில் சாதனமும் இணைப்பும் இருந்தவர்கள் எப்படியோ தொடர்ந்தார்கள். இல்லாதவர்களுக்குப் பாடம் நின்றது. ஊரடங்கு முடிந்தாலும் அந்த இடைவெளி வீட்டுப்பாட வடிவில் அப்படியே இருக்கிறது.

திட்டமிடும்போதே ஒரு கணக்கெடுப்பு வையுங்கள். "வீட்டில் ஃபோன் இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். "அது மாலை எத்தனை மணிக்கு உன் கைக்கு வரும், எத்தனை பேர் அதற்காகக் காத்திருப்பீர்கள்?" என்று கேளுங்கள். அப்பா இரவு ஒன்பதுக்கு வந்த பிறகுதான் ஃபோன் என்றால், எட்டு மணிக் காலக்கெடு அந்தப் பிள்ளைக்கு அநீதி.

செய்யக்கூடியவை: ஒப்படைப்புக்குக் குறைந்தது இரண்டு நாள் அவகாசம். பள்ளி நேரத்திலேயே ஆய்வகத்தில் ஒரு திறந்த வேளை. ஆவணங்களை ஆஃப்லைனில் திறக்கும் வசதியை ஆசிரியர் கண்ணெதிரே இயக்கிக் கொடுப்பது. பள்ளிக்கே இணைப்பு சரியில்லையென்றால், கொலிப்ரி என்ற கட்டற்ற மென்பொருளைப் பாருங்கள். ஒரு முறை பாடங்களை இறக்கி ஒரு கணினியில் வைத்துவிட்டால், இணையமே இல்லாமல் உள்ளூர் வைஃபை மூலம் வகுப்பு முழுக்கப் பயன்படுத்தலாம். மாணவரின் முன்னேற்றமும் அதிலேயே பதிவாகும்.

அடி 8: கிளவுடில் இருக்கிறது என்பதற்காகத் தூங்கிவிடாதீர்கள்

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஒரு பெரிய கிளவுட் நிறுவனத்தின் கணினி மையம் தீப்பிடித்து எரிந்தது. வேறிடத்தில் நகல் வைக்காத வாடிக்கையாளர் பலருக்குத் தரவு திரும்பக் கிடைக்கவே இல்லை. கிளவுட், அதாவது மேகம் என்று சொன்னாலும் அது ஏதோ ஒரு கட்டடத்துக்குள்தான் இருக்கிறது.

பள்ளிகளில் தீயைவிட விரல்தான் ஆபத்து. யாரோ ஒரு ஃபோல்டரை வேண்டாதது என்று அழிக்கிறார். ஒத்திசைவு மூலம் எல்லாக் கணினியிலும் அது மறைகிறது. கூகுள் டிரைவில் குப்பைத் தொட்டி 30 நாள்தான் வைத்திருக்கும். கோடை விடுமுறை அதைவிட நீளம். ஆகவே பருவத்துக்கு ஒரு முறை மதிப்பெண், வினா வங்கி, வருகைப் பதிவு ஆகியவற்றின் நகலை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்துப் பூட்டி வையுங்கள். எடுத்த நகலிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அடி 9: எதை அளந்து, எப்போது விரிவாக்குவது?

"எத்தனை பேர் உள்நுழைந்தார்கள்" என்ற எண்ணிக்கை அறிக்கைக்கு அழகு. அதனால் வேறு பயன் இல்லை. ஒரு பருவ முடிவில் மூன்றை மட்டும் பாருங்கள். ஒப்படைத்ததிலிருந்து ஆசிரியரின் கருத்து வரும்வரை எத்தனை நாள்? கருத்துக்குப் பின் எத்தனை மாணவர்கள் உண்மையில் திருத்தினார்கள்? ஆசிரியர் இரவில் வேலை செய்யும் நேரம் கூடியதா, குறைந்ததா? மூன்றாவது கூடியிருந்தால் விரிவாக்காதீர்கள். அறிவிப்புகள் இரவு பதினொரு மணிக்கும் வந்துகொண்டிருந்தால் நல்ல ஆசிரியர்தான் முதலில் சோர்ந்துபோவார். மாலை ஆறுக்கு மேல் பதில் எதிர்பார்க்கக் கூடாது என்று தலைமையாசிரியர் எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

சரியாக ஓடினால் அடுத்த பருவம் இன்னும் இரண்டு ஆசிரியர்கள். அவர்களுக்கு வெளியிலிருந்து பயிற்சியாளரை அழைப்பதைவிட, ஏற்கெனவே செய்தவரின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போதும்.

ஆண்டு முடிவில் ஒரு வேலை மிச்சம் இருக்கும். படிப்பை முடித்துப் போகும் மாணவர்களின் கணக்குகளை உடனே மூடாதீர்கள். இரண்டு மாத அவகாசம் கொடுத்து, அவர்கள் எழுதியதையும் செய்ததையும் தங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்வது எப்படி என்று ஒரு வகுப்பில் செய்து காட்டுங்கள். பிறகு கணக்கை நிறுத்தி வைத்து, பெற்றோர் கடிதத்தில் சொன்ன அதே தேதியில் அழித்துவிடுங்கள்.